பதினைந்து வயதுத் தயாரிப்பாளர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2019 கோடையில் இங்கிலாந்தில், துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸின் கற்பனைத் தங்கையைப் பற்றிய ‘எனோலா ஹோம்ஸ்’ படத்தின் படப்பிடிப்பு தொடங்கியபோது அதன் நாயகி மில்லி பாபி பிரவுனுக்கு வயது 15. படத்தின் தயாரிப்பாளர்கள் ஐந்து பேர். அதில் அவர் ஒருவர், அவருடைய அக்கா பேஜ் பிரவுன் இன்னொருவர். முதலாளிகள் வரிசையில் பெயர் இருக்கிறது. ஆனால் அந்த முதலாளியை நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கேமரா முன்னால் நிறுத்த முடியாது. அந்த நாட்டுச் சட்டம் அப்படி.

சட்டத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். இங்கிலாந்தில் கட்டாயப் பள்ளி வயதைத் தாண்டாத பிள்ளை சம்பளத்துக்கு நடிக்க வேண்டுமென்றால், உள்ளாட்சி மன்றத்திடம் உரிமம் வாங்க வேண்டும். குறைந்தது 21 நாள் முன்னதாக விண்ணப்பிக்காவிட்டால் மன்றம் மறுத்துவிடலாம். 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, 9 வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளை படப்பிடிப்புத் தளத்தில் இருக்கக்கூடியது மொத்தம் ஒன்பதரை மணி நேரம். அதற்குள் நடிப்பும் ஒத்திகையும் சேர்ந்து 5 மணி நேரம். இடைவெளி இல்லாமல் தொடர்ந்து நடிப்பது இரண்டரை மணி நேரம் வரைதான். காலை 7 மணிக்கு முன்னும் இரவு 11 மணிக்குப் பின்னும் கூடாது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்க 12 மணி நேர இடைவெளி. பள்ளி நாளாக இருந்தால் 3 மணி நேரப் பாடம். பெற்றோரோ ஆசிரியரோ உடன் இல்லையென்றால், உரிமம் பெற்ற பாதுகாவலர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஒன்பதரை மணி நேரம் தாராளம் என்று தோன்றும். அது 19ஆம் நூற்றாண்டுக் கதை. இடுப்புக் கச்சை, பல அடுக்குப் பாவாடை, கொண்டை. ஒப்பனை நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் அந்த ஒன்பதரையில்தான் கழியும். சாப்பாடும் அதற்குள். ஆகவே உதவி இயக்குநர், யார் எப்போது வர வேண்டும் என்று சொல்லும் அன்றாடப் பட்டியலான கால்ஷீட்டைப் போடும்போது கணக்கைத் தலைகீழாகப் போடுவார்: பிள்ளை எத்தனை மணிக்குத் தளத்தை விட்டுப் போக வேண்டும் என்பதை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வருவார். பிள்ளையின் முகம் தெரிகிற ஷாட்டுகளை முதலில் எடுத்துவிடுவது, எதிரில் நிற்பவரின் முகத்தை எடுக்கும்போது அதே உடையில் ஒரு மாற்றாளின் தோளை மட்டும் கேமரா ஓரத்தில் வைத்துக்கொள்வது என்பது தொழிலில் வழக்கமான உத்தி. எனோலா படத்தில் இந்த உத்திக்கு ஓர் எல்லை இருந்தது. எனோலா அடிக்கடி நேராக லென்ஸைப் பார்த்து நம்மிடம் பேசுகிறாள். அந்த ஷாட்டில் தோளுக்கு வேலை இல்லை. முகம் வேண்டும், அதே முகம். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கடிகாரத்தைத் தயாரிப்பாளர் என்ற முறையிலும் கவனிக்க வேண்டியவர், அதற்குள் அடைபட்ட அதே பெண்.

சரி, 15 வயதில் தயாரிப்பாளர் என்றால் வெறும் மரியாதைப் பட்டமா? அப்படி நினைப்பவர்கள் உண்டு. இந்தப் படத்தைப் பொறுத்தவரை அது நியாயமில்லாத எண்ணம் என்பேன். நான்சி ஸ்பிரிங்கர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2006 முதல் 2010 வரை எனோலாவை வைத்து ஆறு நாவல்கள் எழுதினார். அதைப் படித்துவிட்டு இதைப் படமாக்கலாம் என்று கண்டது அக்கா தங்கை இருவரும். குடும்பத்தின் நிறுவனமான பிசிஎம்ஏ வழியாக அது லெஜண்டரி என்ற அமெரிக்கப் படத் தயாரிப்பு நிறுவனத்திடம் போனது. கதையைக் கண்டுபிடித்துக் கொண்டுவருவது தயாரிப்பு வேலையின் முதல் படி. மற்ற எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அந்த முதல் படியில் பணம் எப்படி நகரும் என்று பொதுவாகச் சொல்கிறேன். நாவலை உடனே முழு விலை கொடுத்து வாங்க மாட்டார்கள். ஒன்று ஒன்றரை ஆண்டுக்கு ‘வேறு யாருக்கும் விற்காதே’ என்று ஒரு முன்பணம் கொடுத்துப் பிடித்து வைப்பார்கள். முழு விலையில் பத்தில் ஒரு பங்கு என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. அந்தக் காலத்துக்குள் திரைக்கதை எழுதி, இயக்குநரைப் பிடித்து, முதலீட்டாளரைப் பிடிக்க வேண்டும். முடியாவிட்டால் நீட்டிக்க இன்னொரு தொகை. அதுவும் தீர்ந்தால் உரிமை எழுத்தாளரிடமே திரும்பிவிடும். போட்ட பணம் போனதுதான். கையில் ஒரு நட்சத்திரம் இருந்தால் இந்த ஓட்டம் சுருங்கும். இங்கே கதையைக் கொண்டுவந்தவரே நட்சத்திரம். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடர் 2016 ஜூலை 15 அன்று வெளிவந்தது. தலையை மழித்துக்கொண்டு, மிகச் சில வார்த்தைகளே பேசி, அதில் கண்ணால் நடித்த சிறுமி மில்லியை உலகம் முழுவதும் தெரிந்திருந்தது. 2017இலும் 2018இலும் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரை பெற்றார். பேச்சுவார்த்தை மேசையில் அவர் வைத்த மூலதனம் அதுதான்.

அடுத்து, என்ன தவறலாம் என்பது. இந்தப் படத்தில் அது உண்மையாகவே நடந்தது. வெளியீட்டுக்குச் சில மாதங்களே இருந்தபோது, 2020 ஜூனில், ஷெர்லாக்கைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலின் எழுத்துரிமையை நிர்வகிக்கும் எஸ்டேட், அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. எழுத்தாளர் ஸ்பிரிங்கர், பதிப்பகம், லெஜண்டரி, நெட்ஃபிளிக்ஸ், பிசிஎம்ஏ என்று எல்லோர் மேலும். எனக்கு இந்த வழக்கில் மிகவும் வியப்பானது அதன் வாதம். டாயில் 1930இல் காலமானார். பிரிட்டனில் அவர் எழுத்தின் காப்புரிமை 2000ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. படம் எடுத்த மண்ணில் ஷெர்லாக் பொதுச் சொத்து. அமெரிக்காவில் மட்டும் கணக்கு வேறு: அங்கே அந்தக் காலத்து நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. 1923க்கு முந்தைய கதைகள் பொதுச் சொத்து என்று 2014இலேயே அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. கடைசிக் காலக் கதைகள் சில மட்டும் 2020இல் இன்னும் காப்பில் இருந்தன. எஸ்டேட் சொன்னது இது: பழைய கதைகளில் ஷெர்லாக் உணர்ச்சியற்றவர், பாசமும் இரக்கமும் காட்டுவது அந்தக் கடைசிக் கதைகளில்தான், தங்கையிடம் அன்பு காட்டும் ஷெர்லாக் எங்கள் சொத்து.

ஒரு பாத்திரத்தின் கனிவுக்குக் காப்புரிமை! கேட்கும்போது நம்ப முடியவில்லை. ஆனால் தயாரிப்பாளர் இதை அலட்சியப்படுத்த முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் உரிமைச் சங்கிலி என்று ஒரு கோப்பு இருக்கும். மூல ஆசிரியரிடமிருந்து நாவலுக்கு, நாவலிலிருந்து திரைக்கதைக்கு, திரைக்கதையிலிருந்து நிறுவனத்துக்கு உரிமை எப்படி வந்தது என்பதைக் கண்ணி கண்ணியாகக் காட்டும் கையெழுத்துப் பத்திரங்கள் அதில் இருக்கும். அதில் ஒரு கண்ணி விட்டுப்போனால் காப்பீட்டு நிறுவனம் பாலிசி தராது. பாலிசி இல்லாமல் விநியோகஸ்தர் படத்தைத் தொட மாட்டார். வழக்கு அந்த ஆண்டு டிசம்பரில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டதால் முடித்துவைக்கப்பட்டது. மீதிக் கதைகளும் 2023 ஜனவரி 1 அன்று அமெரிக்காவிலும் பொதுவுக்கு வந்துவிட்டன.

திரையரங்குக்கு என்று திட்டமிட்ட அந்தப் படம், கொரோனா காலத்தில் நெட்ஃபிளிக்ஸுக்கு விற்கப்பட்டு 2020 செப்டம்பர் 23 அன்று வெளிவந்தது. முதல் நான்கு வாரத்தில் 7.6 கோடி வீடுகள் என்று நெட்ஃபிளிக்ஸ் கணக்குச் சொன்னது. அப்போது அவர்கள் வைத்திருந்த அளவுகோலில் 2 நிமிடம் பார்த்தாலே ஒரு வீடு. திரையரங்கில் ஓடும் படத்துக்கு டிக்கெட் விற்பனை உண்டு. லாபத்தில் பங்கு எழுதியிருந்தால் அதை வைத்து எண்ணிக் கேட்கலாம். இணையத் தளத்தில் அப்படி எண்ண டிக்கெட் விற்பனை இல்லை. அதனால் லாபப் பங்குக்கு ஈடாக ஒரு தொகையை முன்னதாகவே கேட்டு வாங்குவதுதான் வழக்கம்.

இனி மாடலிங். 2017 ஜனவரியில் கால்வின் க்ளைன் என்ற ஆடை நிறுவனத்தின் விளம்பரத்தில் மில்லி தோன்றினார், வயது 12. அடுத்த மாதமே ஐஎம்ஜி மாடல்ஸ் என்ற மாடலிங் முகவர் நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. மாடலிங் ஒப்பந்தம் என்றதும் பலர் தொகையை மட்டும் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது ஐந்து விஷயம்: எந்தப் பொருள் வகை, எந்தெந்த நாடு, எந்த ஊடகம், எத்தனை மாதம், தோற்றத்தை மாற்றத் தடை உண்டா. நடிகைக்குக் கடைசிக் கேள்விதான் உயிர். ஒரு பாத்திரத்துக்காகத் தலையை மழிக்க வேண்டி வந்தால், கூந்தல் எண்ணெய் விளம்பரத்தின் ஒப்பந்தம் குறுக்கே நிற்கும். பொருள் வகையும் அப்படியே: ‘அழகுப் பொருட்கள்’ என்று பரந்து எழுதிவிட்டால் வாசனைத் திரவியமும் அதில் போய்விடும். ‘உதட்டுச்சாயம்’ என்று குறுக்கி எழுத வேண்டும்.

நடிப்பும் விளம்பரமும் மோதிய இடத்தை பிரிட்டிஷ் நடிகை எலிசபெத் ஹர்லியிடம் பார்க்கலாம். 1994இல் லண்டனில் ஒரு பட முதல் காட்சிக்கு, தங்க நிற ஊக்குகளால் பிணைத்த கறுப்பு வெர்சாச்சே உடையில் வந்தார். மறுநாள் பத்திரிகையெல்லாம் அவர்தான். 1995இல் எஸ்டீ லாடர் என்ற அழகுப் பொருள் நிறுவனத்தோடு மாடலிங் ஒப்பந்தம். நடிகர் ஹியூ கிராண்டோடு சேர்ந்து சிமியன் ஃபிலிம்ஸ் என்ற நிறுவனம் நடத்தி, 1996இலும் 1999இலும் அதன் படங்கள் வெளிவந்தன. நடிகை, மாடல், தயாரிப்பாளர் என்று மூன்றும். 2000 மே 1 அன்று அமெரிக்க நடிகர் சங்கங்கள் விளம்பரப் படங்களில் நடிப்பதை நிறுத்தின. விளம்பரம் ஒளிபரப்பாகும் ஒவ்வொரு முறைக்கும் கூலியா, மொத்தமாக ஒரே தொகையா என்பதுதான் சண்டை. ஆறு மாதம் நீடித்தது. இடையில் ஹர்லி எஸ்டீ லாடருக்காக ஒரு விளம்பரத்தில் நடித்துவிட்டார். சங்கம் 1,00,000 டாலர் அபராதம் போட்டது. வேலைநிறுத்தம் பற்றித் தெரியாது என்று அவர் சொன்னார். இருக்கலாம். மாடலாக அவருக்கு அது வழக்கமான வேலை. சங்கத்தின் கண்ணில் நடிகை ஒருவர் மறியலைத் தாண்டிய செயல். சாதாரண நடிகர்கள் கூலியில்லாமல் வாசலில் நின்ற மாதங்கள் அவை. அந்தக் கோபம் நியாயமானது. ஒரே ஆள் மூன்று தொப்பி போட்டிருந்தால், மூன்று தொப்பிக்கும் செய்தி சொல்ல ஒரு முகவராவது விழித்திருக்க வேண்டும்.

மில்லி விளம்பர முகமாக நிற்பதோடு விடவில்லை. 2019 ஆகஸ்டில் ‘ஃப்ளாரன்ஸ் பை மில்ஸ்’ என்ற சருமப் பராமரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார்; கொள்ளுப்பாட்டியின் பெயர் அது. அடுத்த மாதமே ஒரு சறுக்கல். முகம் கழுவும் காணொளியில் அவர் பொருளை உண்மையில் தடவவே இல்லை என்று பார்த்தவர்கள் பிடித்துவிட்டார்கள். கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று மன்னிப்புக் கேட்டார். வேறொருவர் பொருளுக்கு முகம் காட்டும்போது கையில் நுரை இருக்கிறதா என்று யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. உரிமையாளர் ஆனதும் அந்த முகமே பொருளுக்குச் சாட்சி ஆகிவிடுகிறது.

‘டாம்செல்’ படத்தில், 2024இல், அவர் பெயர் நிர்வாகத் தயாரிப்பாளர் என்று வருகிறது. சினிமாவில் அது தயாரிப்பாளரைவிடக் கீழான பொறுப்பு. தொலைக்காட்சித் தொடரில் அதே பட்டம்தான் உச்சம். பெயர்ப்பட்டியல் படிக்கிறவர்கள் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எனோலாவின் இரண்டாம் பாகத்தை 2021 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்திலேயே எடுத்தார்கள். 2022 நவம்பர் 4 அன்று வந்தது. தயாரிப்பாளர் வரிசையில் மறுபடியும் மில்லி. படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 17. கட்டாயப் பள்ளி வயதை 2020 ஜூனிலேயே தாண்டியிருந்தார். உள்ளாட்சி மன்றத்துக்கு விண்ணப்பம் போகவில்லை, பாதுகாவலர் வேண்டியிருக்கவில்லை. கால்ஷீட்டில் அந்த 5 மணி நேரக் கோடு இல்லை.

வணக்கம்.