பெர்லினில் ஒரு ‘நம்ம பையன்’

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் ஆடிட்டர் தொழில் செய்கிற எங்களிடம் இப்போதெல்லாம் ஒரு புது வகைக் கேள்வி வருகிறது. பெருங்குடியிலோ கிண்டியிலோ இருபது பேரோடு நடக்கும் மென்பொருள் கம்பெனி. வெளிநாட்டுக்காரர்களுக்கு வேலை செய்து கொடுத்தே வளர்ந்தது. இன்று அதுவே வெளிநாட்டில் ஆள் வைக்கிறது. பெர்லினில் ஒரு டிசைனர், கலிபோர்னியாவில் ஒரு புரோகிராமர். “சம்பள ஆள் இல்லை சார், கான்ட்ராக்ட்தான். அக்ரிமென்ட்டில் தெளிவாகப் போட்டாச்சு, போதாதா?” என்பார்கள்.

அக்ரிமென்ட்டை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அவர் எத்தனை மணிக்கு வேலைக்கு உட்கார வேண்டும், லீவுக்கு யாரிடம் கேட்கிறார், லேப்டாப் யாருடையது, வேறு யாருக்காவது வேலை செய்கிறாரா? இதையெல்லாம் முதலில் கேட்டுக்கொள்வேன். நம் ஊர் முதலாளிகளிடம் யார் வேலைக்கு வந்தாலும் கொஞ்ச நாளில் ‘நம்ம பையன்’ ஆகிவிடுவார். கம்பெனி இமெயில் கொடுப்பார்கள், விசிட்டிங் கார்டு அடிப்பார்கள், தினமும் மீட்டிங்கில் உட்கார வைப்பார்கள், தீபாவளிக்கு எல்லோரோடும் சேர்த்து அவருக்கும் போனஸ் அனுப்புவார்கள். பாசம்தான், தப்பு சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு அந்த நாட்டு அதிகாரி ஃபைலைப் பிரித்தால், அவர் உண்மையில் ஊழியர்தான் என்பதற்கு அந்த போனஸே நமக்கு எதிரான சாட்சி. கான்ட்ராக்டருக்கு யார் ஐயா போனஸ் கொடுப்பார்கள்?

இது வெளிநாட்டுக்காரர்களின் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். 1973-இல் நம் உச்ச நீதிமன்றத்துக்கு ஆந்திரப் பிரதேசத்திலிருந்து ஒரு தையற்கடை வழக்கு வந்தது. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் என்று கடைக்குப் பெயர். அங்கே தைத்தவர்களுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. வர நேரம், போக நேரம் கிடையாது. வரவில்லை என்றால் சொல்லிக்கொள்ளவும் வேண்டியதில்லை. துணியை வீட்டுக்கே கொண்டுபோய்த் தைக்கலாம். கேட்டால் சுதந்திரமான ஆட்கள் என்றுதான் தோன்றும். ஆனால் தையல் மெஷின்கள் பெரும்பாலும் கடையுடையவை. தையல் சரியில்லை என்றால் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லும் உரிமை முதலாளிக்கு இருந்தது. அவர்கள் தொழிலாளிகளே என்று நீதிமன்றம் தீர்த்தது. லேப்டாப் யாருடையது என்று நான் கேட்பதற்கு இதுதான் காரணம்.

ஜெர்மனியில் கான்ட்ராக்டர் உண்மையில் ஊழியரே என்று முடிவானால், சமூகக் காப்பீட்டில் முதலாளி பங்கு, தொழிலாளி பங்கு இரண்டையும் கம்பெனியே கட்ட நேரிடும். சாதாரணமாக 4 ஆண்டு பாக்கியைக் கேட்கலாம். தெரிந்தே செய்தது என்றால் 30 ஆண்டு வரை. சந்தேகம் இருந்தால் அந்த நாட்டு ஓய்வூதியக் காப்பீட்டு அமைப்பிடமே மனுப் போட்டு, இவர் ஊழியரா கான்ட்ராக்டரா என்று முன்கூட்டியே முடிவு வாங்கலாம். கலிபோர்னியாவில் 2020 முதல் இன்னும் கடுமை. ஒருவர் தொழிலாளி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வேலை கொடுப்பவருடையது. அவர் செய்வது உங்கள் வழக்கமான தொழிலுக்கு வெளியே உள்ள வேலையாகவும் இருக்க வேண்டும். மென்பொருள் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவர் அதில் எப்படித் தேறுவார்? விலக்குகள் உண்டு, ஆனால் அங்குள்ள வக்கீலைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்காதீர்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கிருந்து பணம் போகும்போது நம் வருமான வரித் துறையும் எட்டிப் பார்க்கும். தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் என்றால், வேலை முழுக்க பெர்லினிலேயே நடந்திருந்தாலும் நம் சட்டம் அதை இந்திய வருமானமாகவே பார்க்கிறது. பணம் அனுப்பும்போதே நாம் பிடித்துக் கட்ட வேண்டிய வரி, அதாவது டிடிஎஸ், 20 சதவீதம், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி. இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி இது குறையலாம், சில சமயம் இல்லாமலே போகலாம். அதற்கு அவர் தன் நாட்டு வரித்துறையிடம் வாங்கிய குடியிருப்புச் சான்றிதழ் நம் கையில் இருக்க வேண்டும். முதல் இன்வாய்ஸுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள், அப்புறம் துரத்த முடியாது. பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமல் விட்டால் அவருக்குக் கொடுத்த தொகை முழுவதையும் நம் கணக்கில் செலவாக ஏற்க மாட்டார்கள். ஜிஎஸ்டியும், விற்பவருக்குப் பதில் வாங்குகிற நாமே கட்ட வேண்டும், ரிவர்ஸ் சார்ஜ் என்பார்கள். பெரும்பாலும் கிரெடிட்டாகத் திரும்ப வரும் என்பதால் அதில் வலி குறைவு.

எனக்கு அதிகக் கவலை தருவது பதிப்புரிமை, அதாவது காப்பிரைட். ஊழியர் எழுதிய புரோகிராம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனியுடையது. கான்ட்ராக்டர் எழுதியது அவருடையது. காசு கொடுத்துவிட்டோம் என்பதால் நமக்கு வந்துவிடாது. எழுத்தில், கையெழுத்தோடு மாற்றி வாங்க வேண்டும். அதிலும் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு பொறி உண்டு. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுதான், எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். அமெரிக்காவில் விற்கப் போகிற சாஃப்ட்வேருக்கு இந்திய உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜெர்மன் சட்டத்திலோ பதிப்புரிமையையே கைமாற்ற முடியாது, பயன்படுத்தும் உரிமையைத்தான் வாங்கலாம். அங்குள்ள டிசைனருக்கு இங்குள்ள மாதிரிப் படிவத்தை அனுப்பக் கூடாது என்பது இதனால்தான்.

முழு நேரமும் நம் சொல்படி, நம் வேலையை மட்டுமே செய்யும் ஆள்தான் வேண்டுமா? அப்படியானால் கான்ட்ராக்ட் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அந்த நாட்டில் பதிவான நிறுவனங்கள், நாம் தேர்ந்தெடுத்தவரைத் தங்கள் ஊழியராக வைத்து நமக்கு வேலை செய்ய விடுகின்றன. எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட் என்பார்கள். பிஎஃப் மாதிரியான பிடித்தங்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், மாதாமாதம் கட்டணம் உண்டு. ஒன்றை மட்டும் அவர்களாலும் தீர்க்க முடியாது. அந்த ஆள் அங்கே நம் சார்பில் வாடிக்கையாளர்களோடு வழக்கமாக ஒப்பந்தம் முடிக்கிறார் என்றால், நம் கம்பெனிக்கே அந்த நாட்டில் நிலையான தொழில் இருப்பதாகச் சொல்லி லாபத்தில் வரி கேட்பார்கள். அதனால் விற்பனைக்கு ஆள் வைப்பதாக இருந்தால், அவர் விலை பேசுவதோடு நிற்கட்டும். ஒப்பந்தத்தை ஏற்கலாமா என்ற முடிவும் கையெழுத்தும் உண்மையிலேயே சென்னையில் நடக்கட்டும்.

நன்றி, வணக்கம்.