ஸ்வீடன் பென்ஷன்: பிரேக் வெச்ச கணக்கு

[திரையில்: 100 குரோனா சம்பளச் சீட்டு]

ஸ்வீடன்ல ஒருத்தர் சம்பளம் 100 குரோனான்னு வைங்க. அதுல 7 குரோனா பென்ஷன் பிடித்தம். மிச்சம் 93-க்கு 18.5 சதவீதம் போட்டா சுமார் 17 குரோனா 20. அவர் பேர்ல வரவாகுறது இவ்வளவுதான். பிடிச்ச 7 போக பாக்கியை முதலாளி கட்டுறார். அந்த 18.5-ல 2.5 நிஜமாவே ஃபண்டுல முதலீடாகும். ஃபண்டை அவர் தேர்ந்தெடுக்கலைன்னா ஏபி7-ங்கிற அரசு ஃபண்டுக்குப் போகும்.

மீதி 16 சதவீதம் இருக்கே, அது கணக்குப் புத்தகத்துல மட்டும்தான் இருக்கு. இன்னிக்கு வர்ற பணம் இன்னிக்கு ஓய்வுல இருக்கறவங்களுக்கே போயிடுது. புத்தகத்துல உள்ள தொகை, நாட்டோட சராசரி வருமானம் ஏறுற வேகத்துல ஏறும்.

பழைய முறையில 30 வருஷம் வேலை பார்த்தா முழு பென்ஷன். நல்லா சம்பாதிச்ச 15 வருஷத்தை வெச்சுத்தான் தொகையே. ஆயுள் கூடினாலும் வளர்ச்சி படுத்தாலும் கொடுத்த வாக்கு மாறாது. பில் அடுத்த தலைமுறைக்கு. அதனாலதான் 1994-ல அஞ்சு கட்சிகள் சேர்ந்து இந்தப் புது முறைக்கு ஒத்துக்கிட்டாங்க, 1998-ல சட்டமாச்சு.

[திரையில்: 32,00,000 ÷ 16]

ஓய்வு பெறும்போது கணக்குல 32 லட்சம் குரோனா, வகுக்குற எண் 16-ன்னு உதாரணத்துக்கு வைப்போம். வருஷத்துக்கு 2 லட்சம், மாசம் சுமார் 16,700. இந்த எண் அந்தந்த வருஷம் பிறந்தவங்களோட ஆயுளைப் பொறுத்தது. ஆயுள் கூடினா எண் பெருசாகும், பென்ஷன் சுருங்கும். தள்ளி வாங்கினா எண் குறையும், தொகை கூடும்.

இங்கதான் நிறைய பேர் தடுமாறுறாங்க. வகுக்குற எண்ணுல 1.6 சதவீத வருஷ வளர்ச்சியை முன்கூட்டியே சேர்த்துடுறாங்க, ஆரம்பத் தொகை தாராளமா இருக்கணும்னு. அப்புறம் வருஷா வருஷம் அதைக் கழிப்பாங்க. சராசரி வருமானம் 3.6 சதவீதம் ஏறினா பென்ஷன் ஏறுறது சுமார் 2 தான். 1 சதவீதம் மட்டும் ஏறினா பென்ஷன் குறையும்.

[திரையில்: சொத்து ÷ கடன்]

அடுத்து பிரேக். ஸ்வீடன்காரங்களே அப்படித்தான் சொல்றாங்க. வரப்போற கட்டணத்தோட மதிப்பையும் கையிருப்பு ஃபண்டுகளையும் கூட்டி, கொடுக்க வேண்டிய மொத்த பென்ஷனால வகுப்பாங்க. விடை 1-க்குக் கீழ வந்தா, கணக்குத் தொகையும் பென்ஷனும் ஏறுற வேகம் தானா குறையும். நாடாளுமன்றத்துல ஓட்டு எடுக்க வேண்டியதில்லை. 2008 நெருக்கடியில பங்குச்சந்தை சரிஞ்சு, 2010-ல இந்தப் பென்ஷன் 3 சதவீதம் குறைஞ்சது. 2011-ல இன்னும் 4.3.

ஓட்டு வேண்டாம்னுதான் ஏற்பாடு, ஆனா அரசியல்வாதிகள் சும்மா இருப்பாங்களா? பிரேக் முழுசாப் பிடிக்கறதுக்கு முன்னாடியே, ஃபண்டு மதிப்புக்கு மூணு வருஷ சராசரியை எடுக்கலாம்னு விதியை மாத்தினாங்க. ஓய்வு பெற்றவங்களுக்கு வருமான வரியையும் குறைச்சாங்க. கணக்கு தப்பிச்சது, செலவு பட்ஜெட் தலையில விழுந்தது.

என் பார்வையில பலவீனம் இதுதான்: இந்த முறை திவாலாகாது, ஆனா தொகை வாழப் போதுமான்னு பார்க்காது. அதுக்கு வரிப்பணத்துல தனியா ஒரு உத்தரவாத பென்ஷன் இருக்கு. முழுசா வாங்க 40 வருஷம் அங்க குடியிருந்திருக்கணும். அது விலைவாசியோட மட்டும் ஏறுறதால சம்பளத்தை விடப் பின்தங்கிடுது. அப்புறம் ஒட்டுப்போடுறாங்க: 2021-ல மாசம் 600 குரோனா வரை துணைத்தொகை, 2022-ல உத்தரவாதத்துல 1,000 வரை உயர்வு.

வயசும் இப்ப சூத்திரத்துல மாட்டியாச்சு. 65 வயசுல மீதியிருக்குற ஆயுள் கூடினா, கூடினதுல மூணுல ரெண்டு பங்கு ஓய்வு வயசுல சேரும். 2026-க்கு அது 67. சம்பாதிச்ச கணக்கை 64-லயே எடுக்கலாம், உத்தரவாத பென்ஷன் 67-க்கு அப்புறம்தான். அலுவலகத்துல உட்கார்ந்து வேலை பார்த்தவருக்கு இந்த மூணு வருஷம் பெரிய விஷயமில்லை. கட்டட வேலை பார்த்து முதுகு போனவர், 64-ல எடுத்தா சின்னத் தொகையே ஆயுசு முழுக்க வரும்; எடுக்கலைன்னா 67 வரைக்கும் வேற வருமானம் தேடணும்.