இரண்டு தட்டும் ஒரு எக்ஸும்

நேயர்களுக்கு வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அல்ஜீப்ரா கணக்கில் தெரியாத எண்ணுக்கு வைக்கும் எழுத்துதான் எக்ஸ். 'எக்ஸ் வந்தாலே என் பிள்ளைக்குப் பயம்' என்று சொல்லாத பெற்றோர் குறைவு. அந்தப் பயத்துக்குப் பிள்ளைகள் காரணமில்லை. 'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று நாம் மனப்பாடமாகக் கொடுக்கிறோமே, அந்த வாக்கியம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

என் வகுப்பில் ஒரு மாணவி, 2 எக்ஸ் கூட்டல் 100 சமம் 600 என்ற கணக்கில் 2 எக்ஸ் சமம் 500 என்பதுவரை சரியாக வந்துவிட்டு, எக்ஸ் சமம் 498 என்று முடித்தாள். 2 அந்தப் பக்கம் போனதால் கழித்துவிட்டாளாம். விதியை அவள் மீறவில்லை, நம்பினாள். அதுதான் எனக்கு உறுத்தியது.

மறுநாள் சந்தைக் கடையில் தட்டுத் தராசு ஒன்றை இரவல் வாங்கிப் போனேன். ஒரே எடையுள்ள இரண்டு புளிப் பொட்டலங்களும் 100 கிராம் படிக்கல்லும் இடது தட்டில். 500, 100 என்று இரண்டு படிக்கற்கள் வலது தட்டில். முள் நடுவில் நின்றது. அவளையே கூப்பிட்டு இடது தட்டின் 100-ஐ எடுக்கச் சொன்னேன். தட்டு மேலே போனது. "அந்தப் பக்கமும் எடுக்கணும் சார்" என்று பின் பெஞ்சிலிருந்து குரல். எடுத்தாள், முள் நடுவுக்கு வந்தது. இரண்டு பொட்டலம் 500 என்றால் ஒன்று 498 ஆகுமா? சிரித்துவிட்டு 250 என்றாள். கூட்டியதைக் கழித்து எடுக்கிறோம், பெருக்கியதை வகுத்துப் பிரிக்கிறோம். எந்த எண்ணும் எந்தப் பக்கமும் போகவில்லை. இரண்டு தட்டிலும் ஒரே காரியத்தைச் செய்கிறோம், அவ்வளவுதான்.

820-ஐ ஒட்டி பாக்தாதில் அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞர் எழுதிய நூலின் பெயரிலேயே இந்த நினைப்பு இருக்கிறது. அதிலுள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல்லிலிருந்துதான் அல்ஜீப்ரா வந்தது. உடைந்ததைச் சேர்த்து முழுசாக்குவது என்று பொருள். ஸ்பானிய மொழியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியருக்கும் இதே சொல்லிலிருந்து பெயர் வந்தது. எக்ஸ் கழித்தல் 30 என்றால் எக்ஸில் 30 குறைகிறது, ஊனமாகி நிற்கிறது. இரண்டு பக்கமும் 30 கூட்டினால் அது முழுசாகிவிடும். எவ்வளவு அழகான நினைப்பு! அவர் நூலில் எக்ஸும் கிடையாது, சமக்குறியும் கிடையாது. எல்லாம் சொற்களிலேயே. சமக்குறியை 1557-ல் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் கொண்டுவந்தார். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானது எதுவுமில்லை என்று காரணமும் எழுதினார்.

நம் நாட்டில் 628-லேயே பிரம்மகுப்தர் என்ற கணித அறிஞர் தெரியாத எண்களுக்கு வண்ணங்களின் பெயர்களை வைத்தார். ஆகவே எக்ஸ் என்ற எழுத்தைக் கண்டு மிரள வேண்டாம். பிரிக்காத பொட்டலத்துக்கு ஒரு பெயர் அது. விடை வந்ததும் அந்தப் பொட்டலத்தின் இடத்தில் அதை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 250-ம் 250-ம் 100-ம் சேர்ந்தால் 600. முள் நடுவில் நிற்கிறது. சரியா தப்பா என்று வாத்தியாரைக் கேட்கவே வேண்டாம்.

ஒரு கணக்கு தருகிறேன். இடது தட்டில் ஐந்து பொட்டலமும் 100 கிராமும், வலது தட்டில் மூன்று பொட்டலமும் 700 கிராமும். எல்லாப் பொட்டலமும் ஒரே எடை, முள் நடுவில். இன்று இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது பிள்ளைகளிடம் கேளுங்கள். முதலில் எதை எடுப்பது என்று அவர்களே சொல்லட்டும். வணக்கம்.