தலைக்குள் பேசிய பெண்ணோடு சண்டை போட்ட மனநல மருத்துவர்!

நாற்பதை நெருங்கும் ஒரு மனநல மருத்துவர், தன் மனதில் ஓடும் காட்சிகளை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். 'இது நிச்சயமாக அறிவியல் இல்லை. அப்புறம் என்னதான் இது?' என்று யோசிக்கிறார். 'இது கலை' என்று பதில் வருகிறது. பெண் குரல். அவர் தலைக்குள்ளிருந்தே!

அவர்தான் கார்ல் யுங். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டோடு உறவு முறிந்த 1913-ஐ ஒட்டிய காலம். பின்னணி இவ்வளவு போதும்.

நாமாக இருந்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருப்போம். யுங் சண்டைக்குப் போனார். 'கலையெல்லாம் இல்லை' என்று அடித்துச் சொன்னார். குரல் அடங்கியது. கொஞ்ச நேரம் எழுதியதும் மறுபடி, 'கலைதான்'. 'இல்லவே இல்லை, இது இயற்கை' என்று சொல்லிவிட்டு, வாதத்துக்குத் தயாராகக் காத்திருந்தார். மறுபக்கம் சத்தமே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். 'எனக்குள் இருக்கும் இந்தப் பெண்ணுக்கு, எனக்கு இருப்பதுபோல் மூளையில் பேச்சு மையம் இல்லைபோல' என்று முடிவுகட்டி, தன்னுடையதையே பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். அந்த அம்மாவும் நீளமாகப் பேசித் தீர்த்தாராம்! எதிராளிக்கு மைக்கை நீட்டிவிட்டு யாராவது சண்டை போடுவார்களா?

இந்த உள்பெண்ணுக்கு அவர் வைத்த பெயர் அனிமா. பெண்ணுக்குள் இருக்கும் ஆணுக்கு அனிமஸ். கண்டதும் காதல் வந்தால், உள்ளே இருக்கும் அந்த உருவத்தை எதிரில் நிற்பவர்மேல் ஏற்றிவிட்டோம் என்பார். காதலர்கள் கமெண்டில் திட்ட வேண்டாம்.

ஆனால் பெண் மனம் என்றால் உறவு, ஆண் மனம் என்றால் பகுத்தறிவு என்று யுங் கோடு கிழித்தாரே, அது எனக்குச் சுத்தமாக ஒப்பவில்லை. 1974-இல் சாண்ட்ரா பெம் என்ற உளவியலாளர் 60 சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொன்னார். ஆண்தன்மைக்கும் பெண்தன்மைக்கும் தனித்தனிக் கணக்கு. ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, இரண்டிலும் அள்ளலாம்.

சரி, சிகிச்சையில் இந்த அனிமா, அனிமஸுக்கு என்ன வேலை? 'அழுதால் மரியாதை போய்விடும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். 'உங்களுக்குள் அழத் துடித்து, தொண்டை வரை வந்து நிற்பவரைப் பேசவிடுங்கள், அவருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்' என்பார் யுங் வழியில் வந்த சிகிச்சையாளர். இரண்டு தரப்பும் மாறி மாறி நோட்டில் இறங்கும். பேசுவது ஆணா பெண்ணா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். பேசினால் சரி.

அனிமா பெண்களுக்கும் உண்டு என்று யுங் மரபிலேயே வந்த ஜேம்ஸ் ஹில்மேன் ஒரு குண்டு போட்டார். அந்தக் கதை வேண்டுமா? லைக் போடுங்கள், அடுத்த வீடியோ அதுதான்.