பிசினுக்கு ஒரு எண்

நேயர்களுக்கு வணக்கம்.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வியாபாரம் செய்பவர்களுக்கு இது தெரியும். ஒரே மூட்டையிலிருந்து இரண்டு பிடி மஞ்சளை அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பினால், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமினின் அளவு இரண்டு விதமாக வரும். விரலியில் ஒன்று, கிழங்கில் ஒன்று. பல வருடம் அந்த வேலையைப் பார்த்தவன் நான். அதனால் கஞ்சாவின் வீரியம் இத்தனை சதவீதம் என்று யாராவது சொன்னால், எதை எடுத்து எப்படி அளந்தார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

இந்த அளவெடுப்பில் நம் ஊட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. 1893-94இல் ஆங்கில அரசு கஞ்சா, சரஸ் (கஞ்சாப் பிசின்), பாங்கு (கஞ்சா இலை) பற்றி விசாரிக்க ஒரு ஆணையம் வைத்தது. அதற்காக மாதிரிகளைப் பகுத்துப் பார்த்தவர் ஊட்டியில் வேலை பார்த்த டேவிட் ஹூப்பர். நீலகிரியில் விளைந்த சின்கோனா மரப்பட்டையில் மலேரியா மருந்தான குயினைன் எவ்வளவு என்று கணக்கிடுவதுதான் அவருடைய அன்றாட வேலை. பட்டையில் கைவந்தது கஞ்சாவில் கைவரவில்லை. குயினைனை 1820லேயே தனியாகப் பிரித்துவிட்டார்கள். கஞ்சாவில் கிடைத்ததோ கையில் ஒட்டும் பிசின். பிசினை நிறுக்கலாம், ஆனால் அதில் போதை எவ்வளவு என்று தராசு சொல்லாது.

அப்புறம் என்ன செய்தார்கள்? நாய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருந்துத் தயாரிப்பில் இதுதான் முறை. சாற்றைக் கொடுத்துவிட்டு, நாயின் கால்கள் எப்போது தள்ளாடுகின்றன, நின்ற இடத்திலேயே எப்போது ஆடத் தொடங்குகிறது என்று கவனிப்பார்கள். அந்தத் தள்ளாட்டம்தான் அளவுகோல். வாயில்லாத ஜீவனை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

1964இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் போதை தரும் பொருளைத் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டார்கள். அதுதான் டி.எச்.சி. ஆராய்ச்சிக்கான 5 கிலோ ஹஷீஷை, அதாவது கஞ்சாப் பிசினை, காவல்துறையிடம் வாங்கி, பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்ததாக மெக்கூலம் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

சரி, பொருள் கிடைத்துவிட்டது, இனி அளப்பது சுலபம்தானே? அங்கேதான் சிக்கல். பச்சைச் செடியில் டி.எச்.சி. மிகக் கொஞ்சம். பெரும்பகுதி டி.எச்.சி.ஏ. என்ற அமில வடிவில் இருக்கிறது. அது போதை தராது. சூடுபட்டால் கரியமில வாயு பிரிந்துபோய் டி.எச்.சி. ஆகிறது. 358 எடையுள்ள மூலக்கூறு 314 ஆகக் குறைகிறது. அதனால் அமிலத்தின் அளவை 0.877ஆல் பெருக்கிய பிறகுதான் கூட்ட வேண்டும். அமிலம் 20 சதவீதம், டி.எச்.சி. 1 சதவீதம் என்றால் சரியான விடை 18.54. பெருக்காமல் கூட்டினால் 21. கருவியும் சும்மா இருப்பதில்லை. கலவையை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் வாயு குரோமட்டோகிராபியில் மாதிரி உள்ளே போகும்போதே சூடாகி அமிலம் மாறிவிடும். கரைசலாகவே பிரித்து அளக்கும் திரவ முறையில் அந்தச் சூடு இல்லை, இரண்டையும் தனித்தனியே பார்க்கலாம். ஈரப்பதம் வேறு இருக்கிறது. 10 சதவீதம் ஈரமுள்ள பூவில் 18 என்று வந்தது, உலர் எடையில் 20 ஆகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது மாதிரி எடுப்பது. வெயில் பட்ட உச்சிப் பூவும் அடிக்கிளைப் பூவும் ஒன்றல்ல. பிசின் இருப்பது பூவின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில். அவை உதிர்ந்து பையின் அடியில் தூளாகத் தங்கும். அரைத்தால் மிக்சி பிளேடில் அப்பிக்கொள்ளும். மஞ்சள் அரைக்கும்போதே பார்த்திருக்கிறேன், பிளேடைச் சுரண்டுபவருக்கு ஒரு எண், சுரண்டாதவருக்கு இன்னொரு எண்.

எண்ணுக்குப் பணம் கிடைக்கும் இடத்தில் இது இன்னும் மோசமாகும். 2014 முதல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கஞ்சாவைக் கடைகளில் சட்டப்படியே விற்கிறார்கள். சதவீதம் கூடினால் விலையும் கூடும். கூடுதல் எண் தரும் ஆய்வகத்தைத் தேடிப் போகிறார்கள். அங்கே 10 கடைகளில் வாங்கிய 23 மாதிரிகளைச் சோதித்து 2023இல் ஒரு ஆய்வு வெளியானது. சராசரி டி.எச்.சி. 15 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. லேபிள்களின் சராசரியோ 20க்கு மேல். சுமார் 70 சதவீத மாதிரிகளில், இருந்த அளவு எழுதியதைவிட 15 சதவீதத்துக்கும் மேல் குறைவு.

குறைவாக இருந்தால் நல்லதுதானே என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். 2019இல் ஐரோப்பா, பிரேசில் ஊர்களை வைத்து வந்த ஒரு பெரிய ஆய்வு, 10 சதவீதமும் அதற்கு மேலும் வீரியமுள்ள கஞ்சாவைத் தினமும் பயன்படுத்தியவர்களுக்கு மனப்பிறழ்வு நோய் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 5 மடங்கு என்றது. எனக்கு அந்த எச்சரிக்கையில் சந்தேகமில்லை. ஆனால் அதில் யாருடைய பொட்டலத்தையும் வாங்கி அளக்கவில்லை. அந்தந்த ஊரில் கிடைக்கும் வகைகளுக்கு ஏற்கெனவே வெளியான அளவுகளை வைத்துத்தான் கோடு போட்டார்கள். அந்த அளவுகள் ஆடினால் கோடும் ஆடும்.

நம் நாட்டுச் சட்டம் கஞ்சாவின் சதவீதத்தைக் கேட்பதில்லை. எடையைத்தான் கேட்கிறது: 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு.

மருந்தில் அப்படி விட முடியாது. புற்றுநோய் சிகிச்சையில் வரும் குமட்டலுக்கு, ஆய்வகத்தில் தயாரித்த டி.எச்.சி.யை ட்ரோனாபினால் என்ற பெயரில் அமெரிக்கா 1985இல் அனுமதித்தது. அதில் ஒரு மாத்திரை 2.5 மில்லிகிராமிலேயே தொடங்குகிறது. இப்போது அந்தக் கொலராடோ லேபிளுக்கு வாருங்கள். 20 என்று எழுதி 15 இருந்தால், ஒரு கிராம் பூவில் விடுபடுவது 50 மில்லிகிராம். அந்த மாத்திரைக் கணக்கில் 20 மாத்திரை.

நன்றி, வணக்கம்.