பூட்டிய அலமாரியும் நாப்பழக்கமும்

தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை வாழ்த்துரையிலேயே பேசிவிட்ட கல்வி அலுவலர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோரே, கைக்குழந்தையோடு ஓரத்தில் நிற்கும் தாய்மார்களே (யாராவது நாற்காலி கொடுங்கள்), அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். வீட்டில் வாசிப்பு, வகுப்பில் வாசிப்பு, வாசிப்போடு எழுத்துப் பயிற்சியை இணைப்பது. ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்பார்கள். காதுப்பழக்கம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். வீட்டுக்கு மாமா வந்தார். “தம்பி, மாமாவுக்குப் படிச்சுக் காட்டு” என்றார் அப்பா. பையன் கணீரென்று ஆரம்பித்தான். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமா கொஞ்சம் விவரமானவர். “இதில் யானை என்ற சொல் எங்கே?” என்றார். பையன் யானைப் படத்தைத் தொட்டான். மாமா பக்கத்தைப் புரட்டினார். பையன் பழைய பக்கத்தையே ஒப்பித்தான். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அப்போதும் நிற்கவில்லை! அப்பா பெருமையாகச் சொன்னாராம்: “எப்படிக் கொடுத்தாலும் படிப்பான்!”

சிரிக்கிறீர்கள். மனப்பாடத்தை வாசிப்பு என்று நம்பியது யார்? க, கா, கி என்று வரிசையாகப் பாடும் பிள்ளையிடம் ‘கூ’வைத் தனியே காட்டிப் பாருங்கள். ‘கெ’, ‘கை’ இரண்டிலும் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. கு, சு, து, மு என்று பார்த்தால் உகரக் குறியே ஒரே மாதிரி இல்லை. எழுத்தட்டைகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டால்தான் பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்பது வெளியே வரும்.

வீட்டில் தினமும் 10 நிமிடம் போதும். ஒரு பத்தியை முதலில் நீங்கள் வாசியுங்கள், சொல்லுக்குக் கீழே விரல் ஓடட்டும். அடுத்து இருவரும் சேர்ந்து, அதன்பின் பிள்ளை தனியாக. மறுநாளும் அதே பத்திதான். திக்கினால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அப்படியும் வரவில்லையா, சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். அங்கேயே நின்று பாடம் நடத்தினால் கதை அறுந்துபோகும். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். எழுத்தறியாத பெற்றோரும் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்கலாமே.

வகுப்புக்கு வருவோம். 40 பிள்ளைகள், 40 நிமிடம். ஒருவர் பின் ஒருவராக எழுந்து வாசித்தால் ஆளுக்கு ஒரு நிமிடம், மீதி 39 நிமிடம் வேடிக்கை. நாப்பழக்கம் எங்கிருந்து வரும்? இருவர் இருவராக உட்காரவையுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் விரலால் தொடரட்டும். ஐந்து நிமிடத்தில் மாற்றுங்கள். சத்தமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

இதற்கெல்லாம் புத்தகம் வேண்டும். அது பூட்டிய அலமாரியில் இருக்கிறது! ஏன் என்று கேட்டால், கிழிந்துவிடுமாம். கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம். ஒரு நோட்டில் பெயர், புத்தகம், தேதி என்று மூன்று கோடு போடுங்கள். பிள்ளைகளே எழுதி எடுத்துப்போகட்டும், வாரம் ஒரு நாள் சரிபாருங்கள். முதுகு தெரிய அடுக்காமல் அட்டை தெரிய நிறுத்துங்கள். இன்னும் வாசிக்க வராத பிள்ளை படத்தைப் பார்த்துத்தான் எடுக்கும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது செய்தி இன்னொரு நாள். தலைமையாசிரியர் அவர்களே, அந்தச் சாவியை நாளைக் காலை வகுப்பாசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.