செருமல்

வணக்கம், நேயர்களே. பெரம்பூர் மெல்லிசைக் குழு ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கீபோர்டு வாசிப்பவன் நான். "பழைய பாட்டையே மறுபடியும் பதிவு செய்கிறீர்களாமே, சரக்கு தீர்ந்துவிட்டதா?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். சரக்கு இருக்கிறது. கையெழுத்துப் போட்ட காகிதம்தான் சிக்கல்.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் உண்டு. மெட்டும் வரியும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. நம் நாட்டுச் சட்டத்தில் ஒலிப்பதிவு தயாரித்தவருக்கே உரியது, வெளியாகி 60 ஆண்டுகள் வரை. தொண்டை கிழியப் பாடியவர் அந்த நாடாவுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால், ஒப்பந்தத்தில் தடை இல்லையென்றால், தன் மெட்டைத் தன் செலவில் மறுபடி பதியலாம்.

இங்கிலாந்தின் டெஃப் லெப்பர்டு ராக் இசைக் குழுவுக்கு இணைய விற்பனையில் பங்கு எவ்வளவு என்று இசைத்தட்டுக் கம்பெனியோடு தகராறு. அதனால் 1983, 1987 ஆண்டுகளில் வந்த தங்கள் வெற்றிப் பாடல்கள் இரண்டை 2012இல் அச்சு அசலாக மறுபடி பதிந்து வெளியிட்டார்கள். சமாதானமாகிப் பழைய பதிவுகள் இணையத்துக்கு வர 2018 ஆயிற்று. இப்படி மறுபடி பதிவதெல்லாம் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தொடங்கிவைத்தது என்கிறாள் என் பேத்தி. அந்தக் காலத்து அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா சொந்தக் கம்பெனி தொடங்கி, பழைய பாடல்களை மறுபடி பாடி 1963இலேயே இசைத்தட்டு போட்டுவிட்டார். அவள் நம்பவில்லை.

எங்கள் கதை சிறியது. 1994இல் எட்டுப் பாட்டு, ஒரு கேசட். மொத்தமாக ஒரு தொகை கொடுத்தார்கள், படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டோம். போன ஆண்டு வண்ணாரப்பேட்டையில் ஒரு சிறிய ஸ்டுடியோவில் மறுபடி உட்கார்ந்தோம். அன்று ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடிய அண்ணனுக்கு இன்று நாலு கட்டைதான். போதாததற்குப் பல் செட். "ச" வரும் இடமெல்லாம் மைக்கில் விசில் அடித்தது. கழற்றிவிட்டுப் பாடினார், சொற்கள் குழைந்தன. மறுபடி மாட்டிக்கொண்டு, மைக்குக்குச் சற்றுப் பக்கவாட்டில் நின்று பாடியபோதுதான் சரியானது. பணக்கணக்குக்கு இது போதும். எனக்கென்னவோ பழைய கேசட்தான் பாட்டு.

அதில் மூன்றாம் பாட்டின் இரண்டாம் சரணத்துக்கு முன் டோலக் வாசித்தவர் ஒருமுறை செருமுவார். அவர் இப்போது இல்லை, மகன்தான் வாசித்தான். அந்த இடத்தில் ஒரு செருமல் போடு தம்பி என்றேன். சிரித்துக்கொண்டே செருமினான். அப்பா குரல் அப்படியே. மறுநாள் கேட்டால் காணோம். இரைச்சல் என்று நினைத்து ஒலிப்பதிவாளர் துடைத்துவிட்டிருந்தார்.